கொள்ளுக்கு நடுவில் இரண்டு தடம்

"ஒரே ஒரு தடவை விழுந்துடுங்களேம்மா" என்றார் செயலாளர்.

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கடையில் நின்று இன்னொரு டீ கேட்பது போலச் சொன்னார். ஒரு கையில் போன். இன்னொரு கையால் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் வந்த வெள்ளைக் கார் புளியமரத்தடியில் கதவு திறந்தபடி நின்றது.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கல்வராயன் மலைக்கு ஏறுகிற சாலை அது. தை மாதம். மலையின் இடுப்பு வரை மூடுபனி. என் காலில் சக்கரம் வைத்த ஸ்கீ, கையில் இரண்டு கோல். எனக்கு முன்னால் சாலை நிறையக் கொள்ளு.

எனக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வடக்கே நடக்கிற பயிற்சி முகாமுக்குப் போகும் பெண்களில் என் பெயரும் இருக்க வேண்டும். முகாமுக்குப் போனால் பனி கிடைக்கும். பனியில் நல்ல நேரம் காட்டினால் உலகச் சாம்பியன்ஷிப்பின் தகுதிப் பந்தயத்தில் நிற்கலாம். மாநில ஸ்கீ சங்கத்தின் செயலாளராக அந்தப் பெயர்களை அனுப்புகிறவர் இவர். அருவி பார்க்கக் குடும்பத்தோடு மலைக்கு வந்தவர், வழியில் என்னையும் பார்த்துவிடலாம் என்று இறங்கியிருந்தார்.

"ஓடிக் காட்டறேன் சார். நீங்க நேரம் எடுங்க" என்றேன்.

"நேரமெல்லாம் அப்புறம்மா. முதல்ல விழுங்க."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு எழுதும்போதும் என் காது சூடாகிறது. அதனால் நடுவில் சில விஷயங்களைச் சொல்லிவிட்டு அந்தச் சாலைக்குத் திரும்புகிறேன். கோபத்தோடு ஒரே மூச்சில் எழுதினால் எதையாவது விட்டுவிடுவேன்.

கயிறும் பனியும்

கள்ளக்குறிச்சிப் பெண்ணுக்கு ஸ்கீ எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. அதில் மர்மம் எதுவும் கிடையாது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். முதல் வேலை இமயமலைப் பக்கம் ஓர் ஊரில், ரோப் காரைப் பராமரிக்கிற வேலை. கயிற்றில் தொங்கிப் போகும் பெட்டிகளின் சக்கரம், பேரிங், பிரேக் எல்லாம் என் பொறுப்பு. காலையில் முதல் பெட்டி கிளம்பும் முன் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக் குறித்து வைப்பேன். எந்த வேலையையும் வரிசை போட்டுச் செய்கிற பழக்கம் அங்கே வந்தது. இன்னும் போகவில்லை.

குளிர்காலத்தில் சில நாள் காற்று அதிகமாகி ரோப் கார் நின்றுவிடும். அந்த நாட்களில் அந்த ஊர்ப் பெண்கள் கீழே சமவெளியில் ஸ்கீ ஓடுவார்கள். மலை உச்சியிலிருந்து சறுக்கி வருகிற ஆட்டம் அல்ல இது. இதில் பாதத்தின் முன்பக்கம் மட்டும்தான் ஸ்கீயோடு சேர்ந்திருக்கும், குதிகால் தூக்கலாம். சமதரையில் ஓட வேண்டும், மேட்டில் ஏற வேண்டும், இறக்கத்தில் விழாமல் வர வேண்டும். நார்டிக் ஸ்கீ என்று பெயர். வாங்கிப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் நடக்கவே வரவில்லை. இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் அந்தப் பெண்களில் பாதிப் பேரை முந்தினேன்.

பிறகு அம்மாவுக்கு முட்டி வீங்கி, வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். தியாகதுருகத்தில் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். வரும்போது ஒரு ஜோடி ரோலர் ஸ்கீ கொண்டுவந்தேன். அலுமினியச் சட்டம், முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். பனி இல்லாத ஊர்க்காரர்கள் தார்ச் சாலையில் பழகுவது இதில்தான். பனி உள்ள ஊர்க்காரர்களும் கோடையில் இதில்தான் பழகுகிறார்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நூறு வருஷம், ஒரே பதில்

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்வரும் பஸ்ஸில் நான் படித்ததெல்லாம் இந்த ஆட்டத்தின் சரித்திரம். கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. செயலாளர் பிற்பாடு வந்து சேர்ந்தவர்.

நார்டிக் ஸ்கீயின் உலகப் போட்டிகள் தொடங்கி ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. ஓட்டம், தாண்டல், இரண்டும் சேர்ந்த ஒன்று. ஆரம்பத்தில் எல்லாம் ஆண்களுக்கு. பெண்கள் ஓடலாம் என்று உலகச் சாம்பியன்ஷிப் ஒத்துக்கொள்ள முப்பது வருஷம் போல ஆயிற்று. நம் நாடு சுதந்திரம் வாங்கி, பெண்கள் வரிசையில் நின்று ஓட்டும் போட்ட பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. திறந்தபோது கொடுத்த தூரம் பத்து கிலோமீட்டர். அதே வாரத்தில் ஆண்கள் ஐம்பது ஓடினார்கள்.

தாண்டல் இன்னும் மோசம். உயரமான மேடையிலிருந்து சறுக்கி வந்து காற்றில் பறந்து இறங்குவது. பெண்ணின் கர்ப்பப்பைக்கு ஆகாது என்று கோட்டு போட்டவர்கள் பல பேர் பல வருஷம் சொன்னார்கள். உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் தாண்டியது இந்த நூற்றாண்டில்தான். ஐம்பது கிலோமீட்டரைப் பெண்களுக்கும் கொடுத்தது நேற்று என்று சொல்லலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற பெண்களை அந்தக் கோட்டுக்காரர்கள் பார்த்ததில்லை. பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் தலையில் கரும்புக் கட்டோடு லாரிப் பலகையில் ஏறுவார்கள். அப்போது எந்த டாக்டரும் வந்து கர்ப்பப்பையைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. பெண்ணின் உடம்பு கூலிக்குத் தாங்கும், மெடலுக்குத் தாங்காது. இதைப் படித்த அன்று மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்களுக்குப் பின்னால் எங்கள் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. என் ஸ்டாப் வந்ததைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் படித்தேன். வெயில் நாட்டுக்காரர்கள் நேராக உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓடிவிட முடியாது. முதலில் ஒரு தகுதிப் பந்தயம். அதற்கு வந்த ஒருவர் பனியில் பழகாமலேயே வந்தவர். மேட்டில் தடுமாறினார், இறக்கத்தில் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அந்தப் படத்தை உலகம் முழுக்கப் பார்த்துச் சிரித்தார்கள்.

நானும் பார்த்தேன். அவர் எத்தனை தடவை எழுந்தார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அஞ்சலை அத்தையின் கேள்வி

இனி கொள்ளு.

அம்மாவும் அஞ்சலை அத்தையும் சேர்ந்து, மலையடிவாரத்தில் ஒரு மேட்டு நிலத்தை, விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்து, கொள்ளு போட்டிருந்தார்கள். அஞ்சலை அத்தை சொந்தம் இல்லை, எங்களுக்கு எதிர்வீடு. பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் ஜெயிக்க முடியாது.

அந்தப் பக்கம் சொந்தமாகக் களம் உள்ளவர்கள் குறைவு. தார்ச் சாலைதான் களம். செடியைப் பிடுங்கிக் காயவைத்து சாலையில் பரப்பிவிட்டால், மலைக்குப் போகிற பஸ்ஸும் டிராக்டரும் ஏறி ஏறிக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் செடியை உதறி எடுத்துவிட்டுக் கொள்ளைக் கூட்டி அள்ளலாம். யாருக்கு எந்த இடம் என்பதற்கு ஓரத்தில் இரண்டு கல் வைத்திருப்பார்கள். ஒரு நாள் இடத்தைக் காலியாக விட்டால் மறுநாள் அங்கே வேறொருவர் கல் இருக்கும். சண்டை போட்டும் பயனில்லை.

ஒரு நாள் மதியம் சோறு தின்கிற நேரத்தில் அவர்களுக்குப் போனில் ஒரு பந்தயம் காட்டினேன். பெண்கள் ஓடுகிற பந்தயம். வெள்ளையான தரையில் இரண்டு தடம், ரயில் தண்டவாளம் மாதிரி. ஸ்கீ இரண்டும் அந்தத் தடத்துக்குள் போகும்.

"அந்த ரெண்டு கோடு யாரு போடறது?" என்றாள் அஞ்சலை அத்தை.

"மெஷின் அத்தை. ராத்திரியே ஓட்டிப் போட்டுடுவாங்க."

"மெஷினுக்கு இன்னா கூலி தராங்க?"

அம்மா சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது.

செயலாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் அம்மாவிடம் சொன்னேன், அன்று மட்டும் ரோட்டில் கொள்ளு போட வேண்டாம் என்று. நான் பழகுகிற ஏற்றமும் அவர்கள் கல் வைத்த இடமும் ஒன்றுதான். அம்மா சரி என்றாள். சரி என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

காலையில் வந்து பார்த்தால் கொள்ளு போட்டிருந்தது. அதன் நடுவில், ஏற்றத்தின் அடியிலிருந்து மேலே வளைவு வரைக்கும், தார் தெரிய இரண்டு தடம். செடியை ஒதுக்கி, துடைப்பத்தால் இழுத்து, ஒரு கொள்ளு மணி கூட இல்லாமல் சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தார்கள்.

அஞ்சலை அத்தை இடுப்பில் கைவைத்து நின்றாள். தலையெல்லாம் கொள்ளுச் சுணை, காய்ந்த செடியிலிருந்து உதிர்கிற அரிப்புத் தூசி.

"கோழி கூவறதுக்கு முன்னயே வந்து போட்டுக்கினு இருக்கோம் பாப்பா. போன்ல பாத்த மாதிரியே இருக்குதா?"

"எடத்தயும் வுடல, ஒனக்கும் வழி ஆச்சி" என்றாள் அம்மா.

இருந்தது. போனில் பார்த்த மாதிரியே இருந்தது. சிக்கல் ஒன்றுதான். ஸ்கீ ஓட்டத்தில் இரண்டு முறை உண்டு. தடத்துக்குள் போவது பழைய முறை. இரண்டு காலையும் மாறி மாறிப் பக்கவாட்டில் உதைத்துப் போவது புது முறை. அது வந்த காலத்தில் அதையே தடை செய்யலாமா என்று பெரியவர்கள் சண்டை போட்டுவிட்டு, பிறகு இரண்டையும் தனித்தனிப் பந்தயமாக்கினார்கள். என்னுடைய ரோலர் ஸ்கீ புது முறைக்கானது. அதற்குச் சாலையில் பாதி அகலம் வேண்டும். தடத்துக்குள் காலை உதைக்க முடியாது. உதைத்தால் சக்கரம் கொள்ளில் ஏறும். கொள்ளு தார்ச் சாலையில் பேரிங் குண்டு மாதிரி, காலை வாரிவிடும்.

இதை அவர்களிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் வெள்ளைக் கார் வந்து நின்றது.

"இதைவிட நல்ல சீன் கிடைக்காது"

செயலாளர் இறங்கி, சாலையைப் பார்த்து, கொள்ளைப் பார்த்து, தடத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடா. இது யார் ஐடியா? இதைவிட நல்ல சீன் கிடைக்காதும்மா."

"சார், கொஞ்சம் மேல போனா காலி ரோடு இருக்கு. அங்க ஓடிக் காட்டறேன்."

"வேணாம் வேணாம். இங்கதான். கொள்ளு மேல ஸ்கீயிங். நான் வீடியோ எடுத்துப் போட்டேன்னா ரெண்டு நாள்ல ஊரே பாக்கும். ஸ்பான்சர் தானா வருவான். அந்த வெயில் நாட்டுக்காரர் ஒருத்தர் போனாரே, தெரியுமா? டொப்பு டொப்புன்னு விழுந்தார். ஜெயிச்சவன் பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கா? அவரைத்தான் எல்லாருக்கும் தெரியும்."

அதற்குப் பிறகு கேட்டதுதான் முதல் வரியில் எழுதியது.

என் மனதில் வரிசையாக வந்தது. விழுந்தால் படம் ஓடும். படம் ஓடினால் முகாமுக்கு என் பெயர் போகும். பெயர் போனால் பனி. விழாவிட்டால் எதுவும் இல்லை. கணக்கு எளிது. விழுவதும் எளிது. தினமும் விழுகிறேன், முட்டியில் தோல் ஏது.

"இன்னா சொல்றாரு பாப்பா ஒங்க சாரு?" என்றாள் அஞ்சலை அத்தை.

"விழச் சொல்றாரு அத்தை."

"எதுக்கு?"

"பாக்க நல்லா இருக்குமாம்."

அஞ்சலை அத்தை அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "அவரு காலுலயே மாட்டி வுடு. வுழட்டும். நான் பாக்கறேன்."

செயலாளர் அதைக் காதில் வாங்கவில்லை. காட்சிப் பொருளாக நிற்கிற மனுஷி பேசுவதைக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை போல.

"விழமாட்டேன் சார். ஓடறேன். தயவுசெஞ்சு நேரம் எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தடத்தில் இறங்கினேன்.

கை மட்டும்

தடத்துக்குள் போக எனக்கு இருந்தது ஒரே வழி. காலை அசைக்காமல் சேர்த்து வைத்து, இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றி, வயிற்றை மடித்துத் தள்ளுவது. சமதரையில் எல்லாரும் செய்வதுதான். ஏற்றத்தில் கையால் மட்டும் போவது கொடுமை.

தள்ளினேன். கோல் கொள்ளுச் செடியைக் குத்திக்கொண்டு தாரில் போய் நின்றது. எடுத்து மறுபடி. காய் வெடிக்கிற சத்தம். காய்ந்த செடியின் தூசி மூக்கில் ஏறியது. கழுத்தில் அரித்தது. சொறியக் கை இல்லை. அம்மாவும் அத்தையும் சாலை ஓரமாக என்னோடு கூடவே ஏறி வந்தார்கள். முட்டி வலிக்கிற அம்மா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

பாதி ஏற்றத்தில் தோள் எரிந்தது. கோபத்தால் ஒரு நன்மை உண்டு, வலி கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகும். பத்து கிலோமீட்டர் போதும் என்றவர்கள் மேல் ஒரு தள்ளு. கர்ப்பப்பைக் கோட்டுக்காரர்கள் மேல் ஒரு தள்ளு. மீதி எல்லாம் பின்னால் போனோடு காரில் ஊர்ந்து வருகிறவர் மேல்.

வளைவு தெரிந்தது. தடம் முடிகிற இடம். இன்னும் கொஞ்சம்தான். வலது கோலை எடுத்தபோது வரவில்லை. காய்ந்த கொடி ஒன்று கோலின் அடியில் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கை தள்ள, வலது கை பின்னால் இழுக்க, ஸ்கீ குறுக்கே திரும்பி, கொள்ளின் மேல் ஏறி, நான் விழுந்தேன்.

நிஜமாகவே விழுந்தேன். முழங்கையும் தாடையும் தாரில்.

"செம!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அப்படியே இருங்கம்மா. எழுந்துக்காதீங்க. முகம் இந்தப் பக்கம்."

கார்க் கதவு திறந்து அவர் ஓடி வருகிற சத்தம் கேட்டது. நான் நிமிர்வதற்குள் என் மேல் ஒரு நிழல். அஞ்சலை அத்தை எனக்கும் போனுக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள். கையில் கொள்ளு அள்ளுகிற சாக்கு.

"தள்ளும்மா. படம் எடுக்கறேன் இல்ல?"

"எடுங்க சாமி. யாரு வேணான்னது? நான் எங்க கொள்ள அள்ளிக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சாக்கை அவர் முகத்துக்கு நேராக ஓங்கி உதறினாள்.

முந்தின நாள் சுணை முழுக்க அதில் இருந்தது. கறுப்புக் கண்ணாடி நெற்றியில் இருந்ததால் அவர் கண்ணுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. தும்மலும் இருமலுமாக அவர் சாலை ஓரத்துக்குப் போனார்.

அம்மா கோலில் சுற்றிய கொடியைப் பிரித்து எடுத்துக் கோலை என் கையில் கொடுத்தாள். எழுந்தேன். மீதித் தூரத்தைத் தள்ளி முடித்தேன்.

திரும்பி வந்து செயலாளரிடம் போனைக் கேட்டேன். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்தார். படத்தை அழித்தேன். அழித்த படம் குப்பையில் கொஞ்ச நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். குப்பையையும் காலி செய்தேன். போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

"நேரம் எவ்வளவு சார்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் புரியாமைதான் இருந்தது.

"நேரமா? நான் எடுக்கவே இல்லையே."

கார் போனதும் அம்மா கேட்டாள், "தடம் சரியாத்தான இருந்துச்சி?"

"அகலம் அளவெடுத்த மாதிரி இருந்துச்சிம்மா" என்றேன். அது பொய் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மலைக்குப் போகிற பஸ் வந்தது. கொள்ளின் மேல் ஏறி, தடத்தை மூடிவிட்டுப் போனது.

வளைவில் நின்றவர்கள்

முகாமுக்கு என் பெயர் போகவில்லை. அதைச் சொல்ல ஒரு போன் கூட வரவில்லை.

அம்மாவின் முட்டி தேறிய பிறகு பழைய ரோப் கார் வேலைக்கே திரும்பினேன். அந்த மாநிலத்துக்காக ஓடினேன். சில குளிர்காலங்கள் கழித்து, பெயர் சொல்ல வராத ஒரு குளிர் ஊரில், தகுதிப் பந்தயத்துக்கு நம்பர் கட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பழைய முறை. மெஷின் போட்ட இரண்டு தடம் மரங்களுக்குள் போய் மறைந்தது. குனிந்து பார்த்தேன். அஞ்சலை அத்தை போட்டதற்கும் இதற்கும் ஒரு விரல்கூட வித்தியாசம் இருக்காது. அத்தை கூலி வாங்காத மெஷின்.

முதல் பெரிய இறக்கத்தின் வளைவில் கேமராக்காரர்கள் குவிந்து நின்றார்கள். ஜெயிக்கப் போகிறவர்களைப் படமெடுக்க அங்கே நிற்கவில்லை. அந்தப் பந்தயத்தில் ஓடுகிறவர்கள் நாங்கள்தான், வெயில் நாட்டுக்காரர்கள். நாங்கள் எங்கே விழுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் போன பிறகும் அதே போன், அதே பசி.

வளைவில் நான் விழவில்லை. அங்கே விழக்கூடாது என்று இறங்கும்போதே பல்லைக் கடித்திருந்தேன். அதைத் தாண்டி, காட்டுக்குள், ஆள் இல்லாத ஒரு சின்ன மேட்டில் விழுந்தேன். எழுந்து ஓடினேன்.

தகுதி பெறவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பெரிய பலகையில் என் பெயருக்கு எதிரே நேரம் வந்தது. நிமிடம், நொடி, நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை. கோல்மேல் சாய்ந்துகொண்டு, அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னணியில் அஞ்சலை அத்தையின் குரலும் கேட்டது.

"வுழுந்தியா?" என்றாள் அம்மா.

"ஒரு தடவ."

"எவனாச்சும் படம் புடிச்சானா?"

"இல்லம்மா."

அம்மா அதை அஞ்சலை அத்தையிடம் திரும்பிச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகுதான் எத்தனாவதாக வந்தேன் என்று கேட்டார்கள்.